பிக்கப் குறைந்த காருக்கு அந்தப் பெட்டி மருந்தல்ல

ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் அதன் வயருக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டியைச் செருகிக்கொண்டு மீண்டும் ஒரு கார் பட்டறைக்கு வந்திருக்கிறது. டீசல் கார். மிதித்தால் உடனே எழும்பவில்லை என்று உரிமையாளர் ஒரு கடையில் கேட்க, 'த்ராட்டில் கண்ட்ரோலர்' என்று இதை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். முதலில் வண்டி பறந்ததாம். பிறகு ஒருநாள் லாரியை முந்தும்போது பாதியில் இழுவை அடங்கிவிட்டது, எஞ்சின் விளக்கு எரிந்தது, எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. எப்படியோ தப்பித்துவிட்டார். கழற்றிப் பார்த்தால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரல் நீள வெடிப்பு. பெட்டி வாங்கப் போன நாளிலேயே அந்த வெடிப்பு இருந்திருக்க வேண்டும்.

பெட்டியைப் பற்றி வாயால் சொல்லிச் சலித்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

இன்றைய கார்களில் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் போவதில்லை. பெடல் எவ்வளவு மிதிபட்டது என்பதை ஒரு சென்சார் மின் அழுத்தமாகச் சொல்கிறது. எஞ்சினின் கணினியான ஈசியு அதைப் பார்த்து முடிவெடுக்கிறது. பெட்டி இந்த இருவருக்கும் நடுவே உட்கார்ந்து பொய் சொல்கிறது. நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் 60 என்கிறது. சரி, முழுவதும் மிதித்தால்? 100க்கு மேல் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. கரண்டி பெரிதானால் குண்டானில் குழம்பு கூடாது. 'போட்டதும் வேகமாக இருந்ததே' என்று கேட்கிறார்கள். இருக்கத்தான் செய்யும். பெட்டி இல்லாமலே பெடலை இன்னும் கொஞ்சம் ஆழமாக மிதித்திருந்தால் அதே வேகம் வந்திருக்கும். நம்பாதவர்கள் காலியான சாலையில் ஒரே கியரில் 40லிருந்து 80 வரை பெடலை முழுவதும் மிதித்து, பெட்டியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை நேரம் பார்க்கட்டும். வித்தியாசம் இருக்காது.

வீண்செலவோடு முடிந்தால் இவ்வளவு கோபப்பட மாட்டேன். பாதுகாப்புக்காகவே பெடல் சென்சாரில் இரண்டு தனித்தனிச் சமிக்ஞைகள் வைத்திருக்கிறார்கள். ஈசியு இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் செருகிய பெட்டியின் பிளக் சற்றுத் தளர்ந்தாலும் இரண்டும் ஒத்துப்போகாமல் ஈசியுவில் பி2138 என்ற பிழைக் குறியீடு விழும். வண்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் கட்டிப்போடும். வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் அதற்கும் தனியாகத் தகராறு.

அப்படியானால் எங்கே பார்ப்பது? முதலில் காலடியில். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டிருந்தால் பெடல் முழுதாகக் கீழே போகாது. நகர்ந்து வந்த மேட் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ளவும் கூடும். ஒன்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்து ஏர் ஃபில்டர். தெருவில் நிற்கும் கார்களில் ஃபில்டர் இருக்கும் கூட்டுக்குள் எலிக்கூட்டையே பார்த்திருக்கிறோம். எரிபொருளை மிச்சப்படுத்தும் எக்கோ மோடு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன டர்போ எஞ்சின் காரை ஐந்தாவது கியரில் 40இல் உருட்டிக்கொண்டு, மிதித்தால் எழும்பவில்லை என்று வராதீர்கள். கியரைக் குறையுங்கள்.

பெட்ரோல் காரில் லேசாக மிதித்ததும் ஒரு தயக்கம், வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறி இறங்குவது என்றால், எஞ்சினுக்குப் போகும் காற்றை ஒரு தகட்டால் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினின் எண்ணெய் ஆவி அங்கே படிந்து இறுகுவதுதான் காரணம். வீட்டில் நீங்களே துடைக்கப் போகிறீர்களா? தயவுசெய்து சாவி ஆன் நிலையில் அந்தத் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். அதைத் திருப்புவது மோட்டார். உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையும், விரலும் நசுங்கும். துடைத்தபின் பல மாடல்களில் ஈசியுவோடு பேசும் ஸ்கேனர் கருவியால் த்ராட்டிலை மறுபடி பழக்க வேண்டும். அதைச் செய்யாமல் 'துடைத்தேன், ஐடில் ஏறிவிட்டது' என்று வருகிறவர்கள் பலர். காற்றின் அளவை எடுக்கும் மாஃப் சென்சாரில் த்ராட்டிலைத் துடைக்கும் அதே கிளீனரை அடிக்காதீர்கள். அதற்கென்று தனியாக விற்கிறது. எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் போட்டு, எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் அது பறந்து வந்து ஒட்டிக்கொள்வதும் இந்தச் சென்சாரில்தான்.

டீசலில் மிதிக்கும்போது 'உஸ்' என்று காற்று கசியும் ஓசையும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் ஹோஸ்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனரில் பி0299 என்ற குறியீடு வரும். டர்போ அழுத்தம் போதவில்லை என்பதே அதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை! குறியீட்டைப் படித்ததும் டர்போவையே மாற்றச் சொல்கிற பட்டறைகள் இருக்கின்றன; என் தொழிலில் இருப்பவர்கள் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். ஹோஸில் அழுத்தம் கொடுத்துக் கசிவைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். சோதிக்காமல் டர்போவைக் கழற்ற விடாதீர்கள். டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்பதும் முக்கியம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 மாசு விதிப்படியான டீசல் கார்களில், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் வேறு இருக்கிறது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அதில் கரி சேர்ந்து அடைக்கும். அதன் விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுங்கள்.

ஆர்பிஎம் சர்ரென்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் தட்டு. மேனுவல் காரில் எந்த ஸ்கேனரும் அதைச் சொல்லாது.

எதுவானாலும், எஞ்சின் விளக்கு எரியும் வண்டியை வைத்துக்கொண்டு இருவழிச் சாலையில் முந்த முயல வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

பட்டறைக்கு வரும்போது 'பிக்கப் இல்லை' என்று மட்டும் சொன்னால் எங்களுக்குப் போதாது. எந்தக் கியரில், எவ்வளவு வேகத்தில், எஞ்சின் சூடான பிறகா முன்பா, ஏசி ஓடும்போதா, புகை என்ன நிறம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பெட்டி மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.