கோரஸ்: கிட்டார் எஃபெக்ட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

எண்பதுகளின் கிளாம் மெட்டல் என்ற ராக் வகையின் கிட்டார் சத்தம் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்டைத்தான் தேடுகிறார்கள். 1981-இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி), அதற்கு முன்னால் காலால் அழுத்தி இயக்கும் ஒரு டியூப் ஸ்க்ரீமர் பெடல், சரி, முரட்டுத்தனம் வந்துவிடும். ஆனால் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப்பில் வாசித்துப் பெயர் வாங்கிய பேண்டுகளின் காலத்து ஒலியில் இருக்கிற பளபளப்புக்கும் அகலத்துக்கும், அதிலும் பவர் பாலட் எனப்படும் மெதுவான, உருக்கமான ராக் பாட்டுகளின் தொடக்கத்தில் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டும் இடங்களில், கோரஸ் என்ற எஃபெக்ட் கண்டிப்பாக வேண்டும்.

சொல்லின் வேர் கிரேக்கம். கொரோஸ் என்றால் நாடகத்தில் ஆடிக்கொண்டே சேர்ந்து பாடும் குழு. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் சினிமாப் பாட்டில் கோரஸ் என்றால் பின்னால் சேர்ந்து பாடுகிறவர்கள். கிட்டார்க்காரர்களின் கோரஸும் இந்தப் பொருளில் இருந்து வந்ததுதான். பத்துப் பேர் ஒரே சுரத்தைப் பாடினாலும் நேரத்திலும் சுருதியிலும் ஆளுக்கு ஒரு மயிரிழை விலகுவார்கள், குழுப்பாட்டின் நிறைவே அந்த விலகலில்தான் இருக்கிறது.

அதை ஒரே கிட்டாரில் கொண்டுவருவதுதான் இந்த எஃபெக்ட்டின் வேலை. சிக்னலை இரண்டாக்கி, ஒரு பிரதியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தையே மெதுவாகக் கூட்டிக் குறைத்தால் பிரதியின் சுருதி லேசாக ஏறி இறங்கும். பிறகு அதை மூல ஒலியோடு கலக்க வேண்டும். தாமதம் தருகிற சிப்புக்கு வாளி வரிசை என்று பொருள்படும் பெயர். தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல அது மின்னூட்டத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்துகிறது. 1975-இல் ரோலண்டின் ஜேசி-120 ஆம்ப்புக்குள்ளேயே இந்த வசதி இருந்தது, 1976-இல் பாஸ் சிஇ-1 அதைத் தனிப் பெடலாக்கியது.

தமிழில்? சேர்ந்து பாடுவதற்குச் சேர்ந்திசை என்ற அழகான சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பாடகர்களுக்கே விட்டுவிடலாம் என்பது என் கட்சி, ஏனென்றால் இங்கே சேர்ந்து பாட யாரும் இல்லை, ஒற்றை ஒலிதான் கூட்டமாகத் தோன்றுகிறது. எஃபெக்ட்டுக்குக் கூட்டொலி என்பது பொருந்தும். கூட்டொலிப் பெடல், கூட்டொலியைக் கொஞ்சம் குறை என்றெல்லாம் பேச்சிலும் இடறாமல் வருகிறது.

அப்புறம், கூட்டொலியை எங்கே வைப்பது என்பது முக்கியம். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எல்லாம் சேர்ந்து குழம்பிவிடும், பின்னால்தான் வர வேண்டும். ஆம்ப்பிலேயே டிஸ்டார்ஷன் என்றால் எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலை இணைக்க ஆம்ப்பில் இருக்கும் இணைப்பில், மாட்டலாம். ஜேசிஎம்800-இன் எண்பதுகளில் வந்த ஒற்றைச் சேனல் மாடல்களில் லூப் கிடையாது, அங்கே பதிவு செய்த பிறகு மிக்ஸிங்கில் சேர்ப்பதே நல்லது. ரேட்டை (அலைவின் வேகம்) நன்றாகக் குறைத்து, டெப்த்தை (அலைவின் அளவு) பாதிக்குக் கீழே வைத்து, ஏ தந்தியைத் திறந்த நிலையில் ஒருமுறை மீட்டிப் பாருங்கள்: ஒலி மெல்ல விரிந்து சுருங்க வேண்டும், சுருதி தள்ளாடுவது தனியாகக் காதில் விழுந்தால் டெப்த் அதிகம்.