மருதாணிக் கோடும் நகத்தின் கணக்கும்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு மருதாணி வைத்துக்கொண்ட விரல்களில், தோலின் சிவப்பு சில வாரங்களில் மறைந்துவிட, நகத்தின் சிவப்பு மட்டும் அடியிலிருந்து மெல்ல விலகி, ஐப்பசித் திருக்கல்யாணம் வரும்போது நுனியை நெருங்கியிருக்கும். நகம் வளரும் வேகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவுகோல் வீட்டில் கிடையாது. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கால்நகம் அதில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் வளர்கிறது. கால் பெருவிரல் நகம் முழுதாக மாற ஓராண்டுக்கு மேலாகும்.

நகம் உருவாவது தோலுக்கு அடியில் மறைந்துள்ள வேர்ப்பகுதியில். அங்கே பிறக்கும் செல்கள் கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, தட்டையாகி, இறந்து, பின்னால் பிறப்பவற்றால் முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. ஆகவே நகம், தான் உருவான நாளில் வேர் இருந்த நிலையைச் சுமந்தபடியே நகர்கிறது. கடுங்காய்ச்சலோ பெரிய அறுவை சிகிச்சையோ வேரின் வேலையைச் சில நாள் தடுத்துவிட்டால், நகத்தின் குறுக்கே ஒரு பள்ளம் விழும். பிரெஞ்சு மருத்துவர் போ (Beau) 1846இல் விவரித்த இந்தக் கோடு நகத்தின் அடியோரத் தோலிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், நோய் வந்து இரண்டு மாதத்துக்குச் சற்று மேலாகிறது என்று கணக்கிடலாம். கார் நெல் அறுவடையில் வந்த காய்ச்சலின் தடம், அடுத்த பருவமான பிசானத்தின் நடவு முடிந்த பிறகும் விரலில் இருக்கும்.

முதுமையும் இவ்வாறே பதிகிறது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் தம் கட்டைவிரல் நகத்தில் கோடு கீறி, 35 ஆண்டுகள் அதன் வளர்ச்சியை அளந்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டராக இருந்தது, 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. வயதானவர்களின் நகத்தில் நீளவாக்கில் தோன்றும் வரிகளும் இயல்பானவையே; அவற்றுக்கு மருந்து தேவையில்லை. சிறுவர்கள் கொக்கிடம் கேட்டு வாங்கும் வெள்ளைப் பூக்களும் பெரும்பாலும் வேரில் பட்ட சிறு அடியின் விளைவுதான். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று எண்ணி மாத்திரை வாங்குவது வீண் செலவு.

கவனிக்க வேண்டியவை வேறு. நகம் கரண்டிபோல் குழிந்தால் இரும்புச் சத்துக் குறைவு இருக்கலாம். நம் பெண்களிடம் இரத்தச்சோகை பரவலாக இருப்பதால், இந்த ஒன்றை எந்த வீட்டிலும் அலட்சியப்படுத்தக் கூடாது. இரு கைகளின் ஆள்காட்டி விரல் நகங்களைப் புறத்தோடு புறம் சேர்த்துப் பிடித்தால், இடையே சிறு வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்து விரல்நுனி பருத்திருந்தால், நுரையீரலையோ இதயத்தையோ பரிசோதிப்பது அவசியம். இச்சோதனையை 1976இல் எழுதியவர் தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத். தம் இதயத் தொற்றின்போது தம் விரல்களிலேயே அவர் இதைக் கண்டார்.

நாள்முழுதும் சேற்றிலும் பாத்திரம் துலக்கும் நீரிலும் ஊறும் விரல்களில் நகச்சுற்று திரும்பத் திரும்ப வரும். கைகளை உலர வைக்காமல் எந்தக் களிம்பும் பயன் தராது. மஞ்சளாகித் தடித்த கால்நகம் பூஞ்சையாக இருக்கலாம், பல ஆண்டுகள் செருப்பு அழுத்தியதாகவும் இருக்கலாம் என்பதால், சுரண்டிப் பரிசோதித்த பின்னரே மாத்திரை தொடங்க வேண்டும். நம்மைப் போன்ற கருநிறத்தவர் பலருக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, அகன்று, நகத்தின் அடியோரத் தோலுக்கும் பரவும் கோடு புற்றாக இருக்கக்கூடும். அதைத் தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும், அன்று நகத்தில் மருதாணியோ சாயமோ இருக்கக் கூடாது.