லாட்ஜ்: தழைக்குடிலில் பிறந்த சொல்

"வர்ற சனிக்கிழமை மலைக்குப் போறோம்மா. லாட்ஜ்ல ரூம் போட்டாச்சு" என்று மதுரையில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "லாட்ஜிலயா? புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டா?"

அம்மா மேல் தப்பில்லை. அவளுக்கு லாட்ஜ் என்றால் டவுன்ஹால் ரோட்டில் வரிசையாக நிற்கும் கட்டடங்கள். இரும்புக் கட்டில், குளியலறையில் ஒரு வாளி, ஒரு மக். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கட்டம் போட்ட தடித்த பதிவேடு. நாளிதழில் அந்தச் சொல் வருவதும் பெரும்பாலும் 'லாட்ஜில் போலீஸ் சோதனை', 'லாட்ஜில் வாலிபர் பிணம்' என்றுதான். குடும்பத்தோடு போனால் ஓட்டல் என்போம், ரிசார்ட் என்போம். வேலை தேடி வந்தவரும் விற்பனைப் பிரதிநிதியும் கல்யாணத்துக்கு வந்து மண்டபத்தில் இடம் கிடைக்காதவரும் தங்குவது லாட்ஜ்.

நான் சொன்ன லாட்ஜ் வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலிலிருந்து கிழக்கே சுமார் 190 கிலோமீட்டர். ஸ்டீவன்ஸ் கணவாயைத் தாண்டி, காஸ்கேட் மலைத்தொடரின் மறுபக்கம் இறங்கினால் லெவன்வொர்த் என்ற ஊர் வரும். மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. ஊர் முழுக்க ஜெர்மனியின் பவேரிய மலைக்கிராமம் போல வேடம் கட்டியிருக்கும்: சரிவான கூரை, செதுக்கிய மரக்கைப்பிடி போட்ட மாடம், சன்னலுக்குக் கீழே பூத்தொட்டி, சுவரில் ஓவியம். பெட்ரோல் பங்க்கின் பெயர்ப்பலகைகூடப் பழைய ஜெர்மன் எழுத்துபோல வளைந்து நெளிந்து நிற்கும். பவேரியப் பாணியில்தான் முகப்பு இருக்க வேண்டும் என்று அந்த ஊரில் சட்டமே உண்டு. மென்பொருள் வேலைக்கு வந்து இந்தப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் டிசம்பரில் விளக்கலங்காரம் பார்க்க ஒருமுறையாவது போய் வந்துவிடும்.

அங்கே பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு சொற்பிறப்பியல் பாடமே கிடைக்கும். ஒரு வாசலில் 'பவேரியன் லாட்ஜ்'. இன்னொன்றில் 'இன்'. மற்றொன்றில் 'பென்சியோன்'. என் மகன் அதை "பென்ஷன்" என்று படித்துவிட்டு, "தாத்தா வாங்குறதா?" என்றான். அவன் படித்ததும் சரிதான். இரண்டும் ஒரே சொல். 'நிறுத்துக் கொடுத்த பணம்' என்ற பொருளில் லத்தீனில் தொடங்கி, ஒரு கிளை ஓய்வூதியம் ஆயிற்று, மறு கிளை பணம் கொடுத்துச் சாப்பிட்டுத் தங்கும் சிறு விடுதி ஆயிற்று. ஜெர்மனியில் இன்றும் இரண்டுக்கும் அதே சொல்தான். மூன்று வேளைச் சாப்பாட்டோடு அறை எடுத்தால் 'முழுப் பென்சியோன்', காலையும் இரவும் மட்டுமென்றால் 'அரைப் பென்சியோன்'.

ஆனால் நான் தேடிப் போனது லாட்ஜ்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் வந்தது பழைய பிரெஞ்சின் 'லோஜ்' வழியாக. பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைக் கொடுத்தவர்கள் பிராங்குகள், அதாவது ஜெர்மானிய இனத்தவர். அவர்களுடைய மூலச்சொல் 'லாவ்ப்யா' என்பது மொழியறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம். ஒதுங்க ஒரு மறைப்பு, ஒரு நிழல் என்று பொருள். இலை, தழை என்னும் பொருளுள்ள சொல்லோடு அது சேர்ந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. இன்றைய ஜெர்மனில் 'லாவ்ப்' என்றால் தழை. ஆங்கில 'லீஃப்' அதன் உடன்பிறப்பு. ஆக லாட்ஜ் என்பது முதலில் கிளையை ஒடித்து நட்டு, மேலே தழையைப் போட்டு, மழைக்கும் வெயிலுக்கும் ஒண்டிக்கொண்ட குடில். செலவு ஒன்றும் கிடையாது. லெவன்வொர்த்தில் டிசம்பர் சனிக்கிழமை இரவுக்கு அந்தச் சொல்லுக்கு என்ன வாடகை கேட்கிறார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அந்தத் தழைக்குடிலுக்குப் பிள்ளைகள் நிறைய. இத்தாலிக்குப் போனது 'லோஜியா', தூண் வைத்த திறந்த தாழ்வாரம். இடைக்கால லத்தீனுக்குள் நுழைந்தது 'லாபி'யாக வந்து சேர்ந்தது. நட்சத்திர ஓட்டல்களில் சாவி வாங்கக் காத்திருக்கிறோமே, அதே லாபி. லாட்ஜின் லாபி என்று சொல்லும்போது அக்காவையும் தங்கையையும் சேர்த்தே கூப்பிடுகிறோம். வேட்டைக்குப் போன பிரபுக்கள் காட்டில் தங்கிய குடிலும் லாட்ஜ்தான். பிரபுக்கள் தங்கியதால் அது பெரிதாகி, மாளிகையாகி, மான்கொம்பும் கணப்படுப்பும் வைத்த கூடமாகிவிட்டது. அமெரிக்க மலைகளில் நிற்கும் பெரிய மரக்கட்டடங்கள் இந்த வழி வந்தவை. பக்கத்து மாநிலமான ஆரிகானில் ஹூட் மலையில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜைப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுத்துக் கட்டினார்கள். 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வந்து திறந்துவைத்தார். இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் தேவாலயம் கட்டிய கல்தச்சர்கள் கட்டடத்தை ஒட்டிப் போட்டுக்கொண்ட பட்டறைக் கொட்டகையும் லாட்ஜ். ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கிளைகளுக்கு அந்தப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. அதை விடுதி என்று மொழிபெயர்த்த ஒரு கட்டுரையை நான் படித்திருக்கிறேன், உறுப்பினர்கள் எல்லாரும் இரவு அங்கேயே தூங்கியதுபோல.

வேடிக்கை என்னவென்றால், பவேரிய வேடம் போட்ட ஊரில் மாட்டிய இந்த ஜெர்மானிய வழிச் சொல்லை ஜெர்மனிக்காரர்கள் விடுதிக்கு வைப்பதில்லை. அவர்களிடம் தங்கிவிட்ட வடிவம் 'லாவ்பெ'. கொடிப்பந்தல், தோட்டத்துக் குடில் என்று பொருள். பெர்லின்காரர்கள் நகரத்து ஓரத்தில் சிறு தோட்டத் துண்டு எடுத்து, கத்தரிக்கோலும் மண்வெட்டியும் வைக்கக் குடில் போடுவார்களே, அதுதான் லாவ்பெ. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கடைவீதி நெடுகப் போகும் கல்வளைவு நடைபாதைக்கும் அதே பெயர். தங்க இடம் வேண்டுமென்றால் பவேரியாவில் தேட வேண்டியது 'காஸ்ட்ஹோஃப்', விருந்தினர் முற்றம். மலைமேல் என்றால் 'ஹுட்டெ', குடிசை.

லெவன்வொர்த்துக்குப் பவேரியாவோடு இரத்த உறவு ஏதும் கிடையாது. கிரேட் நார்தர்ன் ரயில்பாதையையும் மரம் அறுக்கும் ஆலையையும் நம்பி எழுந்த ஊர். 1920களில் ரயில் நிறுவனம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வெனாட்சிக்குப் போனது. ஆலையும் மூடியது. கடைவீதி காலியானது. 1960களில் ஊர்க்காரர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உதவியோடு யோசித்தார்கள். அருகே உணவகம் நடத்திய டெட் பிரைஸ், பாப் ராட்ஜர்ஸ் இருவரும் கலிபோர்னியாவில் டேனிஷ் வேடம் போட்டிருந்த சோல்வாங் ஊரைப் பார்த்துவிட்டு வந்து, பின்னால் மலை இருக்கும்போது நாம் ஆல்ப்ஸ் வேடம் போடலாமே என்றார்கள். முதலில் உருமாறியவற்றுள் ஒன்று சிகமின் என்ற ஓட்டல். அந்தப் பகுதிப் பழங்குடிகளும் வணிகர்களும் பேசிய சினூக் கலப்புமொழியில் சிகமின் என்றால் உலோகம், காசு. காசு என்று பெயர் வைத்திருந்த ஓட்டல் எடெல்வைஸ் என்று பூவின் பெயரை வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ஊருக்குக் காசு வந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். தங்குமிடம் பற்றிய இங்கிலீஷ் சொற்களை நம் ஊர் எடுத்துப் பயன்படுத்திய விதமே தனி. ஓட்டலை எடுத்து இட்லி சாப்பிடும் இடமாக்கினோம். மேன்ஷனை, அதாவது மாளிகையை, திருவல்லிக்கேணிக்குக் கொண்டுவந்து பிரம்மச்சாரிகளின் ஒற்றையறை ஆக்கினோம். லாட்ஜுக்குப் படுக்கை மட்டும் மிஞ்சியது. 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்ற பழைய பலகைகளில் அந்தப் பங்கீடு தெளிவாகவே இருந்தது: முன்னது சாப்பாடு, பின்னது படுக்கை. தமிழில் இதற்கு அழகான இணை ஏற்கெனவே உண்டு. அறம் எது என்று கேட்டால் உண்டியும் உடையும் உறையுளும் கொடுப்பது என்கிறது மணிமேகலை. லாட்ஜிங்குக்கு உறையுளைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது தங்குவதற்கு இடம் என்ற பொதுப்பொருள். ஒரு கட்டடத்தைக் கைகாட்டி 'இந்த உறையுள்' என்றால் செயற்கையாக இருக்கிறது.

விடுதி அப்படியில்லை. 'விடு' என்ற வேரில் பிறந்தது. வண்டியை அவிழ்த்துவிட்டு, சுமையை இறக்கிவிட்டு இருக்கும் இடம். வீடும் அதே வேர்தான். படை வந்து இறங்கிய இடம் படைவீடு. வார விடுமுறைக்கு விடுதியில் தங்குகிறோம் என்றால் இரண்டு சொல்லிலும் அந்த 'விடு' இருக்கிறது. சத்திரம் என்று எழுதக்கூடாது, அது வழிப்போக்கருக்குத் தருமமாகக் கொடுத்த இடம். காசு வாங்கினால் விடுதி. டவுன்ஹால் ரோட்டு லாட்ஜுக்குத் தங்கும் விடுதி என்பதே போதும். அரசு அலுவலகங்கள் எழுதும் 'பயணியர் மாளிகை' என்பதில் மாளிகையைக் காணோம், விட்டுவிடலாம்.

மலை லாட்ஜுக்கு? மலைவிடுதி என்றால் புரியும், தவறும் இல்லை. ஆனால் தழைக்குடிலின் வாசனை அதில் வராது. சிறுகுடிலைக் குறிக்கும் குரம்பை என்ற சங்கச் சொல் அருகில் வருகிறது. மதுரைக்காஞ்சி பாலை நிலத்து இளைஞர்களைச் சொல்லும்போது 'இலை வேய் குரம்பை' என்கிறது. பிராங்குகளின் லாவ்ப்யாவை இதைவிடத் துல்லியமாக மொழிபெயர்க்க முடியாது. ஆனால் இன்று குரம்பை என்று பலகை மாட்டினால் உள்ளே வருபவர்கள் தமிழ் ஆசிரியர்களாகத்தான் இருப்பார்கள்.

என் வாக்கு இலங்கைத் தமிழர் சொல்லும் வாடிவீட்டுக்கு. கரையோரத்தில் மீனவர்கள் பருவத்துக்குப் போட்டுக்கொள்ளும் தற்காலிகக் கொட்டில் அங்கே வாடி. பயணிகள் தங்கும் 'ரெஸ்ட் ஹவுஸ்' வாடிவீடு. ஓலைக்கொட்டிலின் பெயர், சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும் விருந்தினர் விடுதிக்கு ஏறிவிட்டது. லாட்ஜ் ஐரோப்பாவில் நடந்து வந்த அதே பாதை. வேட்டைக்காரர் இருந்த இடத்தில் மீனவர், அவ்வளவுதான் வேறுபாடு. மலை வாடிவீடு என்று எழுதிப் பார்த்தேன். மரமும் கணப்பும் வெளியே பனியும் அதற்குள் நன்றாகவே பொருந்தின.

பயணம் முடிந்து வந்து அம்மாவுக்குப் படங்கள் அனுப்பினேன். மரமாடம், பூத்தொட்டி, தெரு முழுக்க விளக்கு. பார்த்துவிட்டு, "அரண்மனை மாதிரில்ல இருக்கு, இதையா லாட்ஜுன்ன?" என்றாள். சமயம் வாய்த்ததென்று, "லாட்ஜ்னு சொல்லாதம்மா, வாடிவீடுன்னு சொல்லு" என்றேன்.

"வாடியா? விறகு வாடியிலயாடா தங்குனீங்க, இந்தக் குளிர்ல?"