பறவையைப் பிடித்தால் கிழமை வரும்

கல்லடியில் இருக்கிற என் மருமகன் ஜப்பானுக்கு வேலைக்குப் போகவென்று பாஷை படிக்கிறான். போன கிழமை சி.ஆர். கொப்பியோடு வந்தான். ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்து: ஞாயிறு முதல் சனி வரை ஏழு பெயரிலும் வருகிற 'கிழமை' எழுத்து, 18 கோடு. மறுநாளே மறந்துபோச்சாம். "மாமா, ஜப்பான் பாஷையில கன்ஜி எண்டு சொல்லைக் குறிக்கிற எழுத்து, 2136 படிக்க வேணுமாம். எதிலயிருந்து தொடங்குறது?"

அடிக்கடி வருவதை முதலில் படி என்பார்கள். அப்படிப் போய்த்தான் 'கிழமை' இவன் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஜப்பானியப் பள்ளி வரிசையும் (முதல் வகுப்பில் 80 எழுத்து) பேச்சு ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளுக்கானது.

நாம் 247 எழுத்தையும் தனித்தனியாகவா படித்தோம்? உயிரும் மெய்யும் கைவந்தால் உயிர்மெய் 216-உம் கூட்டல்தான். கன்ஜியிலும் உறுப்புகள் உண்டு. மரம் இரண்டு நின்றால் தோப்பு, மூன்று நின்றால் காடு, மரத்தோடு ஆள் சாய்ந்தால் ஓய்வு.

சரி, வரிசை? கணினிக்காரரிடம் ஒரு வழி இருக்கிறது, எனக்கு அதில் கொள்ளை ஆசை. ஒவ்வொரு எழுத்துக்குப் பக்கத்திலும், அதில் இன்னும் படிக்காத உறுப்பு எத்தனை என்று எண் போடு. பூச்சியம் விழுந்தவை இப்போதே படிக்கலாம். ஒன்றைப் படித்ததும், அது புகுந்திருக்கிற எழுத்துகளின் எண்ணிலெல்லாம் ஒன்றைக் கழி. கழிக்கக் கழிக்கப் புதுப் பூச்சியங்கள் முளைத்துக்கொண்டே வரும். ஒரே நேரத்தில் பல பூச்சியம் இருந்தால்தான் 'அடிக்கடி வருவது எது' என்ற கேள்விக்கு வேலை, அதுவும் அந்த எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதன் முதுகுக்குப் பின்னால் காத்திருப்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'கிழமை'யைப் பிரித்தால் சூரியன், சிறகு, குட்டைவால் பறவை. இந்தப் பறவை அந்த 2136-இலேயே இல்லை. ஆனால் அது மரத்தில் இருந்தால் 'ஒன்றுகூடுதல்' (பொழுதுபட வாவிக்கரை மரங்களைப் பார்த்தவனுக்கு இதை விளக்கவும் வேணுமா), நடையோடு சேர்ந்தால் 'முன்னேறுதல்'. அதனால் பறவை முன்வரிசைக்கு வந்துவிடும்.

சில உறுப்பு ஒலியையும் தரும். 'ஐந்து' என்பது கோ. அதன் கீழே வாய், பக்கத்தில் சொல் வந்தால் 'மொழி', அதுவும் கோ!

ஏடு தொடக்க நாள் பார்க்கிறோம். அக்காவும் நல்ல நேரம் பார்த்துத்தான் இவனை வகுப்புக்கு அனுப்பினா. எழுத்துக்கு வரிசை பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதுப் பக்கத்தில் பறவையை எழுதினான், எட்டுக் கோடு. சூரியன் முதலே தெரியும். விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கிழமைக்கு இன்னும் ஒண்டுதான், மாமா."