பட்டினா: துருவா, களிம்பா, மெருகா?

சில ஆண்டுகளுக்கு முன் போச்சம்பள்ளி வாரச் சந்தையில், சாக்கை விரித்துப் பழைய இரும்பு விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு குத்தூசியும் தோல் வெட்டும் கத்தி ஒன்றும் வாங்கினேன். செருப்புத் தைக்கும் எவரோ ஒருவர் கையில் அவை பல்லாண்டுகள் புழங்கியவை என்பது பார்த்த உடனே தெரிந்தது. குத்தூசியின் மரப்பிடியில் உள்ளங்கை அழுந்தும் இடம் மட்டும் புளியங்கொட்டை நிறத்தில் பளபளத்தது. வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்து, வெள்ளை மரம் தெரியும் வரை அந்தப் பிடியைத் தேய்த்து முடித்தேன். பழைய கருவிகளைச் செப்பனிடுவோரும் தோல்வேலையைப் பொழுதுபோக்காகச் செய்வோரும் ‘பட்டினா’ என்று போற்றுவது எதுவோ, அதைத்தான் தேய்த்து எறிந்தேன் என்பது பின்னரே விளங்கியது.

பட்டினா இத்தாலியச் சொல். பேட்டினா என்றும் நம்மிடையே ஒலிப்பதுண்டு. ஆழமற்ற தட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவர். பிளாரன்சு நகரத்து பிலிப்போ பால்தினுச்சி 1681இல் வெளியிட்ட கலைச்சொல் அகராதி, காலம் செல்லச் செல்ல ஓவியத்தின்மேல் பரவும் பொதுவான கருமைக்கு இப்பெயரைத் தந்து, அக்கருமை சில வேளைகளில் ஓவியத்துக்கு அழகு சேர்ப்பதும் உண்டு என்கிறது. ஓவியர்கள் இதற்குத் ‘தோல்’ என்றும் ஒரு பெயர் வழங்கியதாக அவர் எழுதியிருப்பது தோல்வேலை செய்பவன் என்ற முறையில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பின்னர் வெண்கலச் சிலையின் பச்சைப் படலத்துக்கும், மரச்சாமான், கத்தி, தோல்பை ஆகியவற்றில் பழக்கத்தால் ஏறும் நிறத்துக்கும் இச்சொல் விரிந்தது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடுவோர் முதலில் எடுப்பது ‘களிம்பு’. செம்பிலும் பித்தளையிலும் பிடிக்கும் பச்சைக்கு அது மிகப் பழைய பெயர்; ஆனால் சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்திருக்கும் ஆணவ மலம் என்னும் அழுக்குக்குச் செம்பில் களிம்புதான் உவமை, ‘களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி’ என்பது திருமந்திரம். அறுத்தெறிய வேண்டியது என்ற பொருள் இவ்வளவு ஆழமாக ஊறிவிட்ட சொல்லை, காக்க வேண்டிய ஒன்றுக்குச் சூட்டுவது பொருந்தாது. ‘துரு’ அதைவிடப் பொருந்தாது. தெலுங்கில் துப்பு, கன்னடத்தில் துக்கு, மலையாளத்தில் துரும்பு, ஈழத்தில் கறள் என்று இதற்கு வழங்கும் எந்தப் பெயரிலும் பாராட்டு இல்லை. ‘கறை’ என்றாலோ வாழைக்காய் நறுக்கிய கையும் வேட்டியும்தான் நினைவுக்கு வரும்.

இந்தக் கறையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்க் காலத்தில் ஊறுகாய்க்குக் காய் நறுக்கும் வீடுகளில், இரும்பு அரிவாள்மனையின் அலகு சில நாள்களில் நீலம் கலந்த கருமை கொள்ளும். காயின் புளிப்பு இரும்பைச் சிறிதளவு கரைக்க, அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப்பொருள் கரைந்த இரும்போடு சேர்ந்து கரும்படலமாகப் படிகிறது. அப்படலம் ஏறிய அலகு, புதிதாகச் சாணை பிடித்த அலகைப்போல் ஒரே இரவில் சிவந்துவிடுவதில்லை. சிவப்புத் துருவின் இயல்பு வேறு: பொருக்குப் பொருக்காக நின்று, ஈரத்தை உறிஞ்சி வைத்து, அடியிலுள்ள இரும்பை மேலும் தின்னும். ஐயம் வந்தால், எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணி செம்மண் நிறமானால் அது துரு, வேலை இன்னும் இருக்கிறது. அலகில் கருமை நிலைத்து நின்று, துணியில் லேசான அழுக்கு மட்டும் ஒட்டினால் அதைச் சுரண்ட வேண்டாம்.

லேசாகத் துருவேறிய உளியையோ கத்தியையோ பிடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால், செந்துரு மேக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடாக மாறும். ஒட்டாத கரும்பொடியைத் துடைத்து உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் அலகில் வெண்படலம் விடும் என்பதால் இதற்கு மழைநீர் நல்லது.

தோலில் இச்சொல்லுக்குப் பொருள் இன்னும் நுட்பமானது. மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்பால் பதனிட்ட தோல் புதிதில் வெளிறியிருந்து, வெயிலும் கையெண்ணெயும் பட்டுப் பழுப்பேறும். குரோம் உப்பால் பதனிட்ட தோல் அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் ஒளி பட்டால் சிவக்கும் என்பதால், முடிவில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பது தென்னிந்தியத் தோல் பதனிடுவோரின் பழைய வழக்கம். அரிவாள்மனைக்கு அழகு சேர்த்த அதே இரும்பு–டானின் சேர்க்கை இங்கே பகையாகும்: நனைந்த தோலில் துருவேறிய குத்தூசி பட்ட இடமெல்லாம் கரும்புள்ளி விழும். பித்தளை ஆணி அடித்த பெல்ட்டில், ஆணியைச் சுற்றிப் பச்சைநிற மெழுகுபோல் ஒன்று திரள்வதைப் பலரும் பட்டினா என்று விட்டுவைக்கிறார்கள். தோலிலுள்ள கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டான அது சாட்சாத் களிம்பேதான்; பல்குத்தும் குச்சியால் வழித்து எறிய வேண்டும். கத்தியைத் தோலுறைக்குள்ளேயே வைத்திருப்பதும் தவறு, தோல் பிடித்து வைக்கும் ஈரம் அலகைத் துருவேற்றும்.

இனி ‘மெருகு’. தமிழில் பளபளப்பு, ஒளி என்று பொருள்படும் இச்சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘மெருகு’ என்றே ஒளியைக் குறிக்கும். தெலுங்கில் மின்னலுக்கு ‘மெருப்பு’ என்று பெயர். மும்மொழியும் புழங்கும் ஓசூர்ப் பக்கத்தில் இதற்கு உரை வேண்டியதில்லை. கைபட்டுக் கைபட்டு மெருகேறியது என்று நாம் இயல்பாகவே சொல்கிறோம். குறை ஒன்றுதான்: பட்டறையில் ஒரே நாளில் ஏற்றும் பளபளப்பும் மெருகுதான். ஆகவே ‘முதிர்மெருகு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. இது வினைத்தொகை, முதிர்ந்த, முதிர்கின்ற, முதிரும் மெருகு என முக்காலமும் அதில் அடங்கும், பொருளும் உண்மையில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. இரும்பின் கரும்படலம் பளபளப்பதில்லையே என்று கேட்டால், அதற்குக் ‘கருமையேறுதல்’ என்ற பேச்சுவழக்கே போதும். தேயிலைச் சாற்றாலும் சாயத்தாலும் பழமை காட்டி விற்பவற்றுக்குச் சாயமேற்றியது என்பதே சரியான பெயர்.

இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் காம்பு திருத்தி நெய் பூசிக் காவல் மனையில் இருப்பதையும், அதியமானின் வேல்களோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. புழங்கிய கருவியின் தேய்மானத்தைப் பெருமையாகச் சொல்லும் வழக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிதன்று. நெய் பூசும் வழக்கமும் விடத்தக்கதன்று. அலகுக்குத் தேங்காயெண்ணெய் மெல்லிய பூச்சாகவும், பிடிக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். நான் தேய்த்துக் கெடுத்த பிடிக்கும் அவற்றையே பூசி வருகிறேன். பெருவிரல் படும் இடத்தில் மட்டும் இப்போது சற்றுப் பழுப்பேறியிருக்கிறது.