குட்டி டாங்கிக்கு உருமறைப்பு வண்ணம்: புட்டியா, டேப்பா?

திட்டுத் திட்டாக வண்ணம் பூசிய ராணுவ டாங்கியின் படத்தைப் பார்த்தால் நம் கண் முதலில் அந்தத் திட்டுகளின் வடிவத்தில்தான் போய் நிற்கும். மாடல் செய்கிறவர்கள் பார்ப்பது வேறு. இரண்டு நிறங்கள் சந்திக்கிற ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் இருக்கிறதா, புகைபோலக் கரைகிறதா என்று பார்ப்பார்கள். 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்காகச் செய்த டாங்கியில் பச்சை கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஓரம் தப்பினால் மட்டும் அது பொம்மை என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பது, நிஜ வண்டிக்கு யார், எதை வைத்துப் பூசினார்கள் என்பதைப் பொறுத்தது. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் தன் வண்டிகளுக்கு அடர்மஞ்சளை அடிப்படை நிறமாக்கியது. டாங்கி தொழிற்சாலையிலிருந்து அந்த ஒரே நிறத்தில் வெளியே வரும். பச்சையும் செம்பழுப்பும் பசை வடிவில் டப்பாக்களில் தனியாக வரும். படைப்பிரிவில் அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து, ஸ்ப்ரே கன் கிடைத்தால் அதிலும், கிடைக்காவிட்டால் பிரஷ்ஷிலும் பூசிக்கொண்டார்கள். ஒரு டாங்கியைப் போல இன்னொன்று இருக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்ப்ரே கன்னில் அடித்த வண்டிகளில் ஓரமெல்லாம் புகைபோலக் கரைந்திருக்கும்.

இதற்கு நேர் எதிர், 1980களில் மேற்கு பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கிகள். நகரத்தில் ஒளிய வேண்டுமென்றால் மரம், புதர் போன்ற வளைவுகளால் பயனில்லை. சுவரும் ஜன்னலும் நேர்கோட்டில் அல்லவா இருக்கின்றன? அதனால் வெள்ளை, சாம்பல், பழுப்பு என்று சதுரமும் செவ்வகமுமாகப் பூசினார்கள். என் கணக்கில், டாங்கிகளுக்குப் பூசப்பட்டதிலேயே இதுதான் அழகான வண்ணம்.

முதலில் புகை ஓரத்தை எடுத்துக்கொள்வோம். நிஜ ஸ்ப்ரே கன் அடித்த ஓரம் 5 முதல் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கரைகிறது என்று வைத்துக்கொண்டு 35 ஆல் வகுத்தால், மாடலில் அது சுமார் 1.5 முதல் 3 மில்லிமீட்டர். மாடலுக்குப் பெயின்ட் அடிப்பது ஏர்பிரஷ்ஷில்; பேனாபோல் கையில் பிடித்து, காற்றால் பெயின்ட்டைத் தெளிக்கும் குட்டி ஸ்ப்ரே கன் அது. அதன் மூக்குத் துளை பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றிப் பாயும் காற்று, துளைக்குள் இருக்கும் ஊசியின் நுனியில் அழுத்தத்தைக் குறைத்துப் பெயின்ட்டை இழுத்து, நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கிறது. துளிகள் கூம்பு வடிவில் விரியும். நடுவில் நெருக்கமாகவும் விளிம்பில் அரிதாகவும் விழும். தூரம் கூடினால் கூம்பும் அகலமாகும். அதனால் 2 மில்லிமீட்டர் ஓரம் வேண்டுமென்றால் மூக்கை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நெருக்கத்தில் வைத்து, காற்றைக் குறைத்து, பெயின்ட்டை நன்றாக நீர்க்க வைத்து அடிக்க வேண்டும். கை பழகியவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்குப் புட்டி, அதாவது களிமண்போல் பிசைந்து ஒட்டி எடுக்கக்கூடிய பொருள்.

சப்பாத்திக் கட்டையில் உருட்டுவதுபோல் ஒட்டும் புட்டியை மெல்லிய கயிறாக உருட்டி, திட்டின் எல்லையில் வளைத்து ஒட்டுவார்கள். அந்தக் கயிறு உருண்டையாக இருப்பதில்தான் விஷயமே. அது பரப்பைத் தொடுவது அடியில் ஒரு கோட்டில் மட்டும். மேலிருந்து வரும் துளிகளை மறைப்பதோ அதன் வயிற்றுப் பகுதி; அது பரப்பிலிருந்து சற்று உயரத்தில் இருக்கிறது. இடையில் உள்ள இடைவெளிக்குள், பரப்பில் மோதிப் பக்கவாட்டில் திரும்பும் காற்று, சில துளிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உள்ளே போகப் போகத் துளிகள் குறைகின்றன. அதுதான் புகை ஓரம். கயிறு தடிமனானால் இடைவெளியும் கூடும், ஓரமும் அகலமாகும். 3 மில்லிமீட்டர் தடிமனில் உருட்டினால் 1/35க்குச் சரியாக வரும். 1/72க்கு அது ரொம்ப அதிகம்.

ஏர்பிரஷ்ஷை எந்தக் கோணத்தில் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். நேர் செங்குத்தாகப் பிடித்தால் மேலே சொன்னது நடக்கும். திறந்த பக்கத்திலிருந்து புட்டியை நோக்கிச் சாய்த்தால் பெயின்ட் வயிற்றுக்கு அடியில் நேராகப் புகுந்து, தொடுகோட்டில் போய்க் குவிந்து, கூர்மையான கோடாகிவிடும். ஒரே மாடலில் ஒரு பக்கம் புகையாகவும் மறுபக்கம் கோடாகவும் வந்தால் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டுதான்.

புட்டிக்குப் பதிலாகச் சில்லி புட்டி வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் செயற்கை ரப்பர் தேடியபோது கிடைத்த சரக்கு இது: சிலிகோன் எண்ணெயும் போரிக் அமிலமும். இதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே உள்ள பிணைப்புகள் ஓயாமல் விட்டு விட்டுச் சேர்கின்றன. மெதுவாக நேரம் கொடுத்தால் தேனைப் போல வழியும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். தரையில் அடித்தால் துள்ளும். மாடலில் ஒட்டியதும் அது தானாக இறங்கி, ரிவெட், கொக்கி, வெல்டிங் தழும்பு என்று எல்லா மேடுபள்ளத்தையும் மூடிக்கொள்ளும். இறங்கியபின் இடைவெளி ஏது? எனவே இது தருவது கூர்மையான ஓரம். ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், நாம் போட்ட எல்லையைத் தாண்டி வழிந்து ஒரு புதிய வடிவத்தையும் அதுவே போட்டு வைத்திருக்கும்.

சரி, பெர்லின் சதுரங்களுக்கு வருவோம். இதற்கு மாஸ்கிங் டேப்தான், அதாவது பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டி, பிறகு உரித்தெடுக்கும் டேப். கார்களுக்கு இரட்டை நிறம் அடிக்கும் பெயின்டர்களின் தலைவலியைத் தீர்க்க, 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் உருவாக்கியது இது. மாடல்காரர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ஜப்பானிய வாஷி காகிதத்தில் செய்த மெல்லிய மஞ்சள் டேப். மெல்லிசு என்பது வெறும் வசதிக்காக அல்ல. டேப்பின் விளிம்பில் பெயின்ட் படிக்கட்டு மாதிரி தேங்கும். அந்தப் படி 0.03 மில்லிமீட்டர் உயரம் இருந்தால், 35 மடங்கில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். நிஜ டாங்கியில் அப்படி ஒரு தடித்த பெயின்ட் ஓரம் கிடையாது.

டேப்புக்கு அடியில் கசிவதுதான் பெரிய தொல்லை. வெல்டிங் கோட்டின் மேல் டேப் சரியாகப் படியாவிட்டால் அங்கே மயிரிழை அகலச் சந்து கிடைக்கும். ஈரப் பெயின்ட்டை நுண்துளை ஈர்ப்பு தானாக உள்ளே இழுத்துவிடும். பல்குச்சியால் விளிம்பை அழுத்தித் தேய்ப்பது பாதி வைத்தியம். மீதிப் பாதி ஒரு தந்திரம்: டேப் ஒட்டியபின், அடியில் இருக்கும் அதே நிறத்தை முதலில் விளிம்பின் மேல் லேசாக அடிக்க வேண்டும். கசிய வேண்டியது அதுவே கசிந்து, சந்தை அடைத்துக் காய்ந்துவிடும். வெள்ளையின் மேல் வெள்ளை கசிந்தால் யாருக்குத் தெரியும்? அதன் பிறகு சாம்பல், அப்புறம் பழுப்பு. வெளிர் நிறம் முதலில் என்பது இதற்கும் பொருந்தும், வேறு காரணத்துக்கும் பொருந்தும்: பழுப்பை வெள்ளையால் மறைக்கப் பல பூச்சு தேவை, அந்தப் பல பூச்சும் படியை உயர்த்தும்.

டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வருவது எல்லாருக்கும் நடந்திருக்கும். டேப்பின் பசை பாதி திடம், பாதி திரவம். வேகமாக இழுத்தால் திடம்போல் முறுக்கிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் இழுபட்டு விட்டுக்கொடுக்கும். கோணத்திலும் கணக்கு இருக்கிறது. செங்குத்தாகத் தூக்கி உரிக்க ஆகும் விசையில் கிட்டத்தட்ட பாதி போதும், டேப்பை அதன் மேலேயே மடித்துப் பின்னோக்கி இழுத்தால். இழுவையும் பரப்பை ஒட்டியே போவதால் பெயின்ட்டைத் தூக்கும் வேலை குறைகிறது. ஒட்டும் முன் டேப்பை ஒருமுறை உள்ளங்கையில் ஒட்டி எடுத்துப் பசையின் வீரியத்தைக் குறைத்துக்கொள்வதும் பலரின் வழக்கம். இதெல்லாம் செய்தும் பிளாஸ்டிக் தெரிகிற அளவுக்கு உரிந்து வந்தால், குற்றம் டேப்பின் மேல் இல்லை. பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்கும் முன் பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி விரல் எண்ணெயை எடுத்தோமா என்றுதான் கேட்க வேண்டும்.