பேக் ஐஸ் என்பதைப் பனிப்பாறை என்று எழுதலாமா?

2022 மார்ச்சில் வெடல் கடலின் அடியில், துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பலைக் கண்டுபிடித்ததிலிருந்து ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: “ஷாக்கிள்டனின் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது.” செய்திக் கட்டுரையில் பார்த்தேன், காணொளியில் கேட்டேன், போட்டித் தேர்வுக் குறிப்பிலும் வந்துவிட்டது. எண்டியூரன்ஸ் எந்தப் பாறையிலும் மோதவில்லை. மோதி மூழ்கியது டைட்டானிக். இரண்டு கப்பலையும் அழித்த வெவ்வேறு வகைப் பனிக்கு ஒரே சொல்லைப் போட்டதால் ஒரு கப்பலின் கதை இன்னொரு கப்பலின் மேல் ஏறிவிட்டது.

நடந்தது இதுதான். 1915 ஜனவரி 18, 19 வாக்கில் அண்டார்க்டிகாவின் வெடல் கடலில், கரைக்கு ஒரு நாள் பயணத் தொலைவில், கப்பலைச் சுற்றியிருந்த பனிக்கட்டிகள் காற்றின் அழுத்தத்தில் ஒன்றோடொன்று இறுகிப்போயின. கப்பல் அப்படியே மாட்டிக்கொண்டது. அதன் பிறகு மாதக்கணக்கில் அது தானாக எங்கும் போகவில்லை. பனி நகர்ந்த பக்கமெல்லாம் அதுவும் நகர்ந்தது. குளிர்காலம் முடிந்து பனி அசையத் தொடங்கியபோது பக்கப் பலகைகள் முறிந்தன, சுக்கான் பிய்ந்தது, அக்டோபர் 27 அன்று 28 பேரும் கப்பலை விட்டுப் பனிமேல் இறங்கினார்கள். நவம்பர் 21 அன்று கப்பல் அமிழ்ந்தது. மாட்டியதற்கும் அமிழ்ந்ததற்கும் நடுவே பத்து மாதம். “மோதி” என்ற வினையெச்சம் இந்தப் பத்து மாதத்தையும் ஒரு நொடியாகச் சுருக்கிவிடுகிறது.

இதைச் செய்த பனிக்கு ஆங்கில மாலுமிகள் சொன்ன பெயர் பேக் ஐஸ் (pack ice). ‘பேக்’ என்பது கட்டு, மூட்டை என்ற பொருளில் டச்சு, வடஜெர்மன் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பழைய சொல். கும்பல், கூட்டம் என்ற பொருளும் பின்னால் அதில் சேர்ந்தது. ஓநாய்க் கூட்டத்துக்கும் அதே சொல்தான். திமிங்கில வேட்டைக்காரர்கள் வடகடலில் இதைப் புழங்கினார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் ஸ்கோர்ஸ்பி, 1820இல் வெளியிட்ட ஆர்க்டிக் நூலில் பனியின் வகைகளைப் பிரித்துப் பெயர்களை வரையறுத்தார். சொல்வரலாறு இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது தமிழ்ப் பக்கம்.

தமிழில் ‘பனி’ குளிர்ச்சியோடும் நடுக்கத்தோடும் பிறந்த சொல். பனித்தல் என்றால் நடுங்குதல். கண் பனித்தது என்றால் நீர் துளிர்த்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். உடம்பு நடுங்குகிறது அல்லவா, அதனால். முன்பனியும் பின்பனியும் நம் பருவங்கள். புறநானூற்றின் ஆறாம் பாட்டில் காரிகிழார் இமயத்தை ‘வடாஅது பனிபடு நெடுவரை’ என்கிறார். ஆக, புல்நுனித் துளியிலிருந்து இமயத்தின் உச்சி வரை ஒரே சொல்லை வைத்து நாம் சமாளித்து வந்திருக்கிறோம். அது குறையில்லை. கண்ணால் பார்த்த பனிக்கு அது போதுமானதாக இருந்தது. பார்க்காத பனியைப் பற்றி எழுத வரும்போதுதான் ‘பனி’க்கு முன்னாலோ பின்னாலோ இன்னொரு சொல் சேர்ந்தாக வேண்டும். அதைக் கவனமாகச் சேர்க்க வேண்டும்.

சேர்த்ததில் இரண்டு நன்றாக அமைந்துவிட்டன. நிலத்தின் மேல் பெய்த பனி ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல வழிந்து வருவது பனியாறு. பள்ளிப் பாடநூல் கொடுத்த சொல் இது. அருமையான சொல். அந்தப் பனியாறு கடலைத் தொடும் இடத்தில் நுனி உடைந்து மிதந்து போவது பனிப்பாறை. இதன் ஆங்கிலப் பெயரான ஐஸ்பெர்க், டச்சுக்காரர்கள் ‘பனிமலை’ என்றதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்திலேயே தொடக்கத்தில் அச்சொல் கடலோரத்துப் பனியாற்றையும் குறித்தது. தமிழில் மலை என்னாமல் பாறை என்றது நல்லதாயிற்று. பனிமலை என்றால் நமக்கு இமயம்தான் நினைவுக்கு வரும். மேலும், கப்பலுக்கு அது பாறைதான். பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருக்கும், மோதினால் கிழிக்கும்.

பேக் ஐஸ் இந்த இரண்டின் பிள்ளையும் இல்லை. அது கடல்நீரே உறைந்து உண்டாவது. உப்பு இருப்பதால் கடல்நீர் பூச்சியத்தில் உறையாது. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி வேண்டும். உறையும்போது உப்பை வெளியே தள்ளும், கொஞ்சம் உள்ளே சிக்கிக்கொள்ளும். புதுக் கடற்பனி உப்புக் கரிக்கும். சில கோடைகளைக் கண்ட பழம்பனியில் உப்பு வடிந்துபோயிருக்கும் என்பதால் துருவப் பயணிகள் குடிநீருக்கு அதைத்தான் தேடி உருக்கினார்கள். ஓராண்டுப் பனி ஒன்றிரண்டு மீட்டர் தடிமன்தான் இருக்கும். மலையும் இல்லை, பாறையும் இல்லை, பாளம். காற்றும் நீரோட்டமும் இந்தப் பாளங்களை ஓட்டிக்கொண்டு வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றும்போதுதான் அது ஆளைக் கொல்லும் பொருளாகிறது.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? சிலர் ‘பொதிபனி’ என்கிறார்கள். இந்தச் சொல்லோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு.

பேக் என்றால் மூட்டை, மூட்டை என்றால் பொதி, ஆகவே பொதிபனி. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டியது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. இதற்காகப் பேசுகிறவர்கள், பொதிதல் என்றால் நிறைதல், செறிதல் என்றும் பொருள் உண்டு, ‘பொருள் பொதிந்த பேச்சு’ என்கிறோமே என்று கேட்பார்கள். உண்டு. ஆனால் அந்தப் பொதிவில் ஒன்று உள்ளே இருக்கிறது, இன்னொன்று அதை மூடியிருக்கிறது. பேக் ஐஸில் உள்ளே எதுவும் கிடையாது, மூடுவதும் கிடையாது. தனித்தனிப் பாளங்கள் தோளோடு தோள் இடிக்கின்றன, அவ்வளவுதான். அப்புறம், பொதி என்றதும் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறது? கழுதைமேல் ஏற்றியது, தலையில் சுமந்தது. கட்டி வைத்தால் வைத்த இடத்தில் கிடப்பது பொதி. இந்தப் பனியோ ஒரு நாள்கூட ஓரிடத்தில் நிற்பதில்லை. நிற்காமல் ஓடுவதுதான் அதன் கதையே.

இன்னும் ஒரு சிக்கல். பொதிபனியை வினைத்தொகையாகப் படித்துப் பாருங்கள்: பொதிகின்ற பனி, மூடுகின்ற பனி. மார்கழி விடியலில் வயலையும் வீட்டுக் கூரையையும் மறைத்துக்கொண்டு நிற்கும் பனிமூட்டத்துக்கு எவ்வளவு பொருத்தமான சொல்! நம் மண்ணின் பனிக்கே சரியாகப் பொருந்தும் சொல்லை எடுத்து, அதற்குத் தொடர்பில்லாத தென்துருவக் கடலில் போடுகிறோம். வாசகர் அகராதி பார்க்காமல் ஊகித்தால் தவறான படம்தான் மனதில் வரும். தனித்தமிழ் என்பதாலேயே ஒரு சொல் நல்ல சொல்லாகிவிடாது. கேட்டவுடன் தவறான பொருளைத் தரும் தனித்தமிழ்ச் சொல்லைவிட ‘பேக் ஐஸ்’ என்றே எழுதிவிடுவது நேர்மை.

‘உறைபனி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதற்குப் பெயர் உறைபனி. அச்சொல்லுக்கு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடலாம். ‘மிதபனி’ என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு மிதமான பனி என்றே எடுத்துக்கொண்டேன், இரண்டு பத்தி தாண்டித்தான் மிதக்கும் பனி என்று பிடிபட்டது. ‘கடற்பனி’ நல்ல சொல். ஆனால் அது கடலில் உறைந்த எல்லாப் பனிக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். கரையோடு ஒட்டி அசையாமல் நிற்பதும் கடற்பனிதான், கப்பலை உடைப்பதும் கடற்பனிதான். உடைப்பதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

நான் முன்வைப்பது ‘நெரிபனி’.

நெரிதல் என்றால் நெருக்கத்தில் நசுங்குதல். நெரித்தல் என்றால் அழுத்தி நசுக்குதல். கூட்ட நெரிசல் என்று தினமும் சொல்கிறோம், கழுத்தை நெரித்தான் என்கிறோம். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டுதோறும் இராவணன் கயிலைக்கு அடியில் நெரிபடுகிறான். தன்வினைக்கும் பிறவினைக்கும் வேர் ஒன்றே என்பதால், கொல்களிறு, சுடுசோறு போல நெரிபனி என்று வினைத்தொகையாக்கினால் தங்களுக்குள் நெரிகின்ற பனி, கப்பலை நெரிக்கின்ற பனி என்று இரண்டும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லில் கூட்டம் மட்டும்தான் இருக்கிறது. நெரிப்பதற்கு அந்த மாலுமிகள் ‘நிப்’ என்று வேறொரு சொல்லைத் தேட வேண்டியிருந்தது. எழுதும்போது இடையின ரகரம். ‘நெறி’ என்று எழுதிவிட்டால் பனி ஒழுக்கம் போதிக்கக் கிளம்பிவிடும்.

துருவப் பயண வரலாற்றில் இந்தச் சொல்லைப் பொருத்திப் பாருங்கள். 1845இல் புறப்பட்ட பிராங்க்ளின் பயணத்தின் எரெபஸ், டெரர் கப்பல்கள் 1846 செப்டம்பர் 12 முதல் வடகனடாவின் கிங் வில்லியம் தீவுக்கு அருகே நெரிபனியில் சிக்கின. அடுத்த கோடையிலும் பனி விடவில்லை. 1848 ஏப்ரலில் கப்பல்களை விட்டு இறங்கும்போது 24 பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள், மிச்சமிருந்த 105 பேரில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. இங்கே பனிப்பாறை என்று எழுதினால், இரண்டு கப்பலும் ஒரே நேரத்தில் எப்படி மோதின, மோதியவை ஏன் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூழ்காமல் நின்றன என்று படிக்கும் பிள்ளை கேட்கும். கேட்பது நியாயம்.

துருவப் பயணி நான்சென் செய்தது இன்னும் தெளிவு. அமெரிக்கக் கப்பல் ஜானெட் 1881 ஜூனில் சைபீரியாவுக்கு வடக்கே நெரிந்து மூழ்கியது. மூன்று ஆண்டுக்குப் பிறகு அதன் பொருள்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் பனி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது என்று நார்வேக்காரர் நான்சென் கணக்குப் போட்டார். அடிப்பக்கம் உருண்டையான ஃபிராம் என்ற கப்பலைக் காலின் ஆர்ச்சரிடம் கட்டச் சொன்னார். பக்கவாட்டில் நெரிக்கும்போது பனிக்குப் பிடி கிடைக்கக் கூடாது, வழுக்கிக் கப்பலை மேலே தூக்க வேண்டும் என்பதுதான் அந்த வடிவத்தின் நோக்கம். 1893 செப்டம்பரில் வேண்டுமென்றே நெரிபனிக்குள் நுழைந்த ஃபிராம், 1896 ஆகஸ்டில் ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் முழுசாக வெளியே வந்தது. பனிப்பாறைக்குள் எந்தக் கப்பலும் நுழைய முடியாது. ‘நான்சென் பனிப்பாறைக்குள் மூன்று ஆண்டு பயணித்தார்’ என்று எழுதியவர் தன் வாக்கியத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.

எண்டியூரன்ஸுக்கு அந்த உருண்டை அடிப்பாகம் இல்லை. அதன் ஆட்கள் கப்பல் போன பின்பும் 1916 ஏப்ரல் வரை பனிப்பாளங்களின் மேல் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். கடைசியில் காலடியில் இருந்த பாளமே பிளந்தது. ஏப்ரல் 9 அன்று மூன்று படகுகளில் இறங்கி எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். நகரும் தரையில் ஐந்து மாதத்துக்கு மேல் தூங்கியவர்களின் அச்சம் தமிழ் வாசகருக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அந்தத் தரை பாறை இல்லை என்பது முதலில் தெரிய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குப் பொதுவாக இருக்கும் வருத்தமும் இதுதான். ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. நேர்மொழிபெயர்ப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குளிரில் விரல் செத்துப்போவதற்குப் ‘பனிக்கடி’ என்கிறார்கள். அதுவும் ஆங்கிலத்தின் அச்சு அசல்தான், ஆனால் ‘செருப்பு கடித்துவிட்டது’ என்று சொல்லும் மொழியில் பனியும் கடிக்கலாம். காது அதை ஏற்கிறது. பொதிபனியை ஏற்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நாளை காலைக்குள் கட்டுரை வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர்களும் இதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

கதைகளோடு போயிற்று என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பருவநிலைச் செய்திகளில் இந்தக் குழப்பம் அறிவியலையே கெடுக்கிறது. ‘ஆர்க்டிக் பனிப்பாறைகள் உருகுவதால் கடல்மட்டம் உயர்கிறது’ என்று வாரம் ஒருமுறை படிக்கிறோம். பனிப்பாறையும் நெரிபனியும் ஏற்கெனவே மிதப்பவை. அவை உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய அசையாது. நிலத்தில் இருக்கும் பனியாறுகளும் கிரீன்லாந்து, அண்டார்க்டிகாவின் பனிவிரிப்புகளும் கரைந்து கடலில் சேர்வதுதான் மட்டத்தை உயர்த்துகிறது. கடற்பனி குறைவதால் வரும் கேடு வேறு: வெயிலைத் திருப்பி அனுப்பிய வெண்பரப்பு போய், அதை உறிஞ்சும் கருங்கடல் வெளிப்படுகிறது, வெப்பம் இன்னும் கூடுகிறது. இரண்டு தனிக் கேடுகளை ஒரு சொல்லில் போட்டு மூடினால் இரண்டுமே புரியாது.

புதுச்சொல் வாசகருக்குப் புரியாது என்பார்கள். முதல் இடத்தில் ‘நெரிபனி, அதாவது கடல்நீர் உறைந்து ஒன்றோடொன்று நெருக்கும் பனிப்பாளங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த பத்தியிலிருந்து சொல் தானே நடக்கும். பனியாறும் இப்படித்தான் ஒரு காலத்தில் வகுப்பறைக்குள் வந்தது.